யார் விழுங்க வேண்டிய மாத்திரை?

மருந்துக் கடையில் ஒரு ரூபாய்க்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சின்னஞ்சிறு மாத்திரை ஒன்று, உலகத்து வைத்திய நிபுணர்களை ஐம்பது ஆண்டுகளாக வாதாட வைத்துக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் ஆஸ்பிரின். பாட்டனார் காலத்தில் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் வாங்கிப் போட்டுக்கொண்ட அதே சரக்குதான். இன்று அளவு சுருங்கி, 75 மில்லிகிராம் மாத்திரையாக, "ரத்தத்தை இளக்கும் மருந்து" என்ற புதுப் பட்டத்தோடு அலமாரியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அறுபதாம் கல்யாணம் முடிந்த வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். "நீங்களும் தினம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், மாமா. மாரடைப்பே எட்டிப் பார்க்காது" என்பார் பட்டணத்திலிருந்து வந்த மருமகன். மாமாவுக்கு மார்வலி வந்ததில்லை; இருதய நோய் இருப்பதாக எந்த டாக்டரும் சொன்னதில்லை. ஆனாலும் மறுநாளே மாத்திரை வந்துவிடும். பல் துலக்குவது போல அதுவும் ஒரு நித்திய கர்மமாகிவிடும்.

அதே தெருக்கோடியில் இன்னொருவர் இருப்பார். உண்மையிலேயே மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து, பிழைத்து வந்தவர். எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒரு மாதம் விழுங்கினார். இரண்டு மாதம் விழுங்கினார். பிறகு, "உடம்பு தேறிவிட்டதே, இன்னும் எதற்கு மருந்து?" என்று நிறுத்திவிட்டார்.

முதலாமவர் விழுங்க வேண்டியதில்லை, விழுங்குகிறார். இரண்டாமவர் விழுங்கியே தீரவேண்டும், விழுங்கவில்லை. இந்த விபரீதம் நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல, உலகம் முழுவதும் நடக்கிறது. இத்தனை ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த உண்மை, யாரிடம் போய்ச் சேரவேண்டுமோ அவரிடம் சேராமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

பெயரிலேயே பிழை

முதலில் "ரத்தத்தை இளக்கும் மருந்து" என்ற பெயரைப் பார்ப்போம். ஆஸ்பிரின் ரத்தத்தை இளக்குவதே இல்லை. பாலில் தண்ணீர் கலப்பது போன்ற காரியம் எதுவும் உடம்பில் நடப்பதில்லை.

ரத்தத்தில் தட்டணுக்கள் என்று மிக நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. எங்கேயாவது காயம் பட்டால் அவை ஓடி வந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஓட்டையை அடைக்கின்றன. கத்தி பட்ட விரலில் ரத்தம் நிற்பது இதனால்தான். ஆனால், இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, அந்தப் படிவு ஒருநாள் வெடித்தால், அதையும் காயம் என்றே தட்டணுக்கள் நினைத்துக்கொள்கின்றன. திரண்டு வந்து ஒட்டுகின்றன. குழாய் அடைபடுகிறது. அதுதான் மாரடைப்பு.

தட்டணுக்களை ஒட்டச் செய்யும் ரசாயனத்தைத் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். ஆஸ்பிரின் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. புதிதாக நொதி செய்துகொள்ள அதற்குச் சக்தியில்லை. எனவே ஒருமுறை முடங்கினால், அதன் ஆயுளான சுமார் பத்து நாளும் முடங்கியதுதான். சின்ன மாத்திரை தினம் ஒன்று போதும் என்பதற்குக் காரணம் இது. அமெரிக்காவில் 15,076 இருதய நோயாளிகளிடம் 81 மில்லிகிராமையும் 325 மில்லிகிராமையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2021-ல் முடிவு வெளியிட்டார்கள். பெரிய மாத்திரையால் கூடுதல் லாபம் எதுவும் தெரியவில்லை.

சரி, நஷ்டம் எங்கே இருக்கிறது? இரைப்பையின் உட்சுவரை அதன் சொந்த அமிலமே அரித்துவிடாமல் காப்பாற்றும் ரசாயனங்களும் அதே வகை நொதியால்தான் உண்டாகின்றன. ஆஸ்பிரின் அங்கேயும் கை வைக்கிறது. புண் உண்டாகலாம். உண்டான புண்ணில் ரத்தம் கசிந்தால், அதை அடைக்க வேண்டிய தட்டணுக்களும் முடங்கிக் கிடக்கின்றன. காவற்காரனைக் கட்டிப் போட்டுவிட்டு, கதவையும் திறந்து வைத்த கதை. மேலே பூச்சுப் பூசிய மாத்திரை வயிற்றில் கரையாது, ஆகவே பயமில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். கெடுதல் ரத்தத்தின் வழியாகவும் இரைப்பைக்கு வந்து சேருவதால், பூச்சு முழுக் காவல் ஆகாது.

கிளெண்டேல் டாக்டரின் நம்பிக்கை

இந்த மருந்து இருதயத்துக்கு உதவும் என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் லாரன்ஸ் கிரேவன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த கிளெண்டேல் என்ற ஊரில் சாதாரண டாக்டராகத் தொழில் நடத்தியவர். டான்சில் அறுவை முடிந்த நோயாளிகளுக்கு வலி குறைய ஆஸ்பிரின் கலந்த கோந்து மெல்லக் கொடுப்பது அவர் வழக்கம். அதை அதிகமாக மென்றவர்களுக்கு ரத்தம் அதிகமாகக் கசிந்ததை அவர் கவனித்தார். ரத்தம் உறைவதை இது தடுக்கிறதென்றால், இருதயக் குழாயில் உறைவதையும் தடுக்கலாமே என்று எண்ணினார். தம்மிடம் வந்த நடுத்தர வயது ஆண்களுக்கெல்லாம் ஆஸ்பிரின் கொடுக்கத் தொடங்கினார். 1956-ல் சுமார் 8,000 பேரின் கணக்கைச் சொல்லி, அவர்களில் ஒருவருக்குக்கூட மாரடைப்பு வரவில்லை என்று எழுதினார்.

அற்புதமான சேதிதான். ஆனால் பெரிய டாக்டர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மிசிசிப்பி பள்ளத்தாக்கு வைத்தியப் பத்திரிகை என்ற சிறு பத்திரிகையில் எழுதினார் என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. மருந்து சாப்பிடாத 8,000 பேரை அவர் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஒப்பிட ஆளில்லாவிட்டால், மருந்து காப்பாற்றியதா, அவர்கள் இயல்பாகவே திடமானவர்களா, கெட்டுப்போனவர்கள் வேறு டாக்டரிடம் போய்விட்டார்களா என்று எப்படித் தெரியும்? தாமும் ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்த கிரேவன் 1957-ல் காலமானார். காரணம் மாரடைப்பு.

கிரேவன் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி என்று கண்டுபிடிக்க உலகத்துக்கு மேலும் அறுபது ஆண்டு தேவைப்பட்டது. அனுபவசாலி ஒருவரின் கண் எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும், அது மட்டும் வைத்தியத்துக்குப் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ராசி பார்த்த ஆராய்ச்சி

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வேன், ஆஸ்பிரின் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதை 1971-ல் விளக்கினார். 1982-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நோயாளிக்கு நன்மை உண்டா என்பதைப் பரிசோதனைக் கூடம் சொல்ல முடியாது. சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாதிப் பேருக்கு உண்மை மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்து, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல், வாங்குபவருக்கும் தெரியாமல் மறைத்து வைத்து, கடைசியில் கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட சோதனைகளில் மிகப் பெரிய ஒன்றின் முடிவு 1988-ல் வந்தது. 16 நாடுகளில் 417 ஆஸ்பத்திரிகள்; மாரடைப்பு என்று சந்தேகித்துச் சேர்க்கப்பட்ட 17,187 நோயாளிகள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 11.8 பேர் ஐந்து வாரத்துக்குள் இருதய, ரத்தக்குழாய்க் கோளாறுகளால் இறந்தார்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 9.4 பேர். ஆயிரம் பேருக்கு 24 உயிர்கள் தப்பின. இத்தனை மலிவான ஒரு பொருளால் இத்தனை உயிர் என்பது வைத்திய சரித்திரத்தில் அபூர்வம்.

இந்த ஆராய்ச்சியில் ஒரு வேடிக்கை உண்டு. நோயாளிகளைப் பல பிரிவுகளாகப் பிரித்து, எந்தப் பிரிவுக்குப் பலன், எதற்குப் பலனில்லை என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பிரித்துக்கொண்டே போனால் தற்செயலாகவே விசித்திரமான முடிவுகள் முளைக்கும். இதைக் காட்ட, அந்த ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளை ராசி வாரியாகப் பிரித்துக் காட்டினார்கள்! மேல்நாட்டுக் கணக்குப்படி மிதுன ராசிக்காரர்களுக்கும் துலா ராசிக்காரர்களுக்கும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை, சற்றுக் கெடுதலே செய்தது என்று எண்கள் கூறின. மற்ற ராசிக்காரர்களுக்கெல்லாம் ஏக நன்மை. மிதுன ராசி நேயர்கள் பயப்பட வேண்டாம். எண்களைச் சித்திரவதை செய்தால் அவை எதையும் ஒப்புக்கொள்ளும் என்று காட்டுவதற்காகச் செய்த காரியம் அது.

44 சதவிகிதம் என்ற மந்திரம்

மாரடைப்பு வந்தவரைக் காப்பாற்றுகிறது. அப்படியானால் வராதவருக்கு வராமலே தடுக்காதா? இங்கேதான் குழப்பம் ஆரம்பமாகிறது.

அமெரிக்க டாக்டர்களே சோதனைக்கு முன்வந்தார்கள். 22,071 ஆண் டாக்டர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரினோ போலி மாத்திரையோ சாப்பிட்டார்கள். சுமார் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த முடிவு, "மாரடைப்பு 44 சதவிகிதம் குறைந்தது" என்பது. உலகமெங்கும் பத்திரிகைகள் இதைக் கொட்டை எழுத்தில் போட்டன.

44 சதவிகிதம் என்றால் என்ன? போலி மாத்திரை சாப்பிட்ட 11,034 டாக்டர்களில் 239 பேருக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்ட 11,037 பேரில் 139 பேருக்கு வந்தது. அதாவது, ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு வந்தது ஏறத்தாழ ஒருவருக்கு என்று குறைந்தது. மீதி 98 பேருக்கு மாத்திரை சாப்பிட்டாலும் வரப்போவதில்லை, சாப்பிடாவிட்டாலும் வரப்போவதில்லை. இருதய, ரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், இந்தப் பக்கம் 81, அந்தப் பக்கம் 83. வித்தியாசமே இல்லை.

இரண்டும் ஒரே ஆராய்ச்சியின் எண்கள்தாம். "44 சதவிகிதம்" என்று சொன்னால் கடைக்கு ஓடத் தோன்றும். "நூற்றில் ஒருவர்" என்று சொன்னால் கொஞ்சம் யோசிக்கத் தோன்றும். யோசிக்கத் தோன்றும் எண்ணை எந்தத் தலைப்பும் போடவில்லை. வைத்தியச் செய்தி வெளியிடும் பத்திரிகைகள் இந்த இரண்டாவது எண்ணைச் சேர்த்துப் போடாமல் செய்தி வெளியிடுவது, விலை சொல்லாமல் தள்ளுபடியை மட்டும் விளம்பரம் செய்வதற்குச் சமம்.

2009-ல் பிரிட்டிஷ் நிபுணர்களின் தலைமையில் அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் ஒன்றுகூட்டிப் பார்த்தார்கள். இருதய நோய் இல்லாத 10,000 பேரை எடுத்துக்கொண்டால், ஓராண்டில் 57 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் ஆபத்து வரும். ஆஸ்பிரின் சாப்பிட்டால் 51 பேருக்கு. ஆறு பேருக்கு நன்மை. ஆனால் வயிற்றிலும் மற்ற இடங்களிலும் பெருமளவில் ரத்தம் போவது 7 பேரிலிருந்து 10 பேராக ஏறியது. மூன்று பேருக்குத் தீமை.

ஏற்கனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்த 10,000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்து 820 பேருக்கு வரவேண்டிய இடத்தில் 670 பேருக்கு வந்தது. 150 பேருக்கு நன்மை.

ஆறு எங்கே, நூற்றைம்பது எங்கே! விஷயம் முழுவதும் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

2018-ல் வந்த தீர்ப்பு

ஆறு பேருக்கு நன்மை, மூன்று பேருக்குத் தீமை என்றாலும் லாபக் கணக்குத்தானே என்று வாதாட இடமிருந்தது. 2018-ல் வெளியான பெரிய ஆராய்ச்சிகள் அந்த இடத்தையும் சுருக்கிவிட்டன.

ஒன்று ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்தது. 19,114 பேர்; பெரும்பாலோர் எழுபது வயதைத் தாண்டியவர்கள்; இருதய நோயோ, ஞாபக சக்தி இழப்போ, உடல் முடக்கமோ இல்லாத ஆரோக்கியமான பெரியவர்கள். அவர்களிடம் கேட்ட கேள்வியே சிலாக்கியமானது. மாரடைப்பு வருகிறதா என்று மட்டும் பார்க்காமல், சித்தம் கலங்காமல், பிறர் கையை எதிர்பாராமல், எத்தனை காலம் உயிரோடிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். முதுமையில் மனிதன் விரும்புவது அதைத்தானே! ஏறக்குறைய ஐந்தாண்டு கழித்துப் பார்த்ததில், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. பெரும் ரத்தப்போக்கு மட்டும் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 6.2 என்பதிலிருந்து 8.6 ஆக ஏறியது. மரணமும் 11.1-லிருந்து 12.7 ஆகச் சற்றுக் கூடியது. இதில் புற்றுநோய் மரணங்களே அதிகம். மற்ற ஆராய்ச்சிகளில் இப்படி வரவில்லையாதலால், இதை ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்களே சொல்லிவிட்டார்கள். அதே பெரியவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு ரத்தசோகை 20 சதவிகிதம் அதிகம் என்று 2023-ல் தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியாமல் துளித்துளியாகக் கசிந்த ரத்தம் இதற்குக் காரணமாயிருக்கலாம்.

இன்னொன்று பிரிட்டனில் நீரிழிவு உள்ள, ஆனால் இருதய நோய் வராத 15,480 பேரிடம் ஏழு ஆண்டுக்கு மேல் நடந்தது. ஆயிரம் பேரில் 11 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை தவிர்ந்தன. 9 பேருக்குப் புதிதாகப் பெரும் ரத்தப்போக்கு வந்தது. ஒரு கை கொடுத்ததை மறு கை பிடுங்கிக்கொண்டது.

முன்பு தெரிந்த நன்மை பின்பு ஏன் குறைந்தது? டாக்டர்கள் நாளுக்கொரு பேச்சுப் பேசுகிறார்கள் என்று சலித்துக்கொள்வது எளிது. ஆனால் அது நியாயமல்ல. முதல் ஆராய்ச்சிகள் நடந்த காலத்தில் அந்நாடுகளில் புகைபிடிப்போர் அதிகம். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் குறைவு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் புழக்கத்துக்கு வரவில்லை. அன்று மாரடைப்பு வரும் வாய்ப்பே அதிகமாயிருந்ததால், தடுக்கவும் நிறைய இருந்தது. பிற்காலத்தில் அந்த வாய்ப்பு மற்ற வழிகளில் குறைந்துவிட்டது. ஆனால் ஆஸ்பிரினால் வரும் ரத்தப்போக்கு குறையவில்லையே! வயது ஏற ஏற ரத்தப்போக்கின் ஆபத்து கூடத்தான் செய்கிறது. லாபம் சுருங்கியது, நஷ்டம் அப்படியே நின்றது.

அமெரிக்க அரசாங்கத்துக்கு நோய்த்தடுப்பு யோசனை கூறும் நிபுணர் குழு, 2009-ல் 45 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களில் நன்மை மிகுந்தவர்களுக்கு ஆஸ்பிரினை ஊக்குவித்தது. 2016-ல் குரலைத் தாழ்த்தியது. 2022-ல், இருதய நோய் இல்லாத 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் புதிதாக ஆரம்பிக்கவே வேண்டாம் என்றது. 40 முதல் 59 வரை உள்ளவர்களில், ஆபத்து மிகுந்தவர்கள் மட்டும் டாக்டரோடு கலந்து முடிவு செய்யலாமாம்.

நம்மவர் கணக்கு வேறா?

வெள்ளைக்காரப் பெரியவர்களின் கணக்கு நமக்கு எதற்கு என்று யாராவது கேட்டால், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நியாயமான கேள்வி. இந்தியாவையும் அண்டை நாடுகளையும் சேர்ந்தவர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டாருக்குச் சுமார் 59 வயதில் வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆபத்து அதிகமென்றால் மருந்தின் லாபமும் அதிகமாகலாம் அல்லவா?

இதற்கு ஓரளவு பதில் சொல்லும் ஆராய்ச்சியும் உண்டு. 5,713 பேர் பங்கெடுத்த அதில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தியர்கள். கனடாவின் ஹாமில்டன் நகரத்து நிபுணர்களும் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சியாளர்களும் முன்னின்று நடத்தினார்கள். ரத்த அழுத்தத்துக்கு மூன்று மருந்து, கொழுப்புக்கு ஒன்று என்று நாலு சரக்கை ஒரே உறையில் அடைத்த கூட்டு மாத்திரை ஒரு பக்கம். 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஒரு பக்கம். இரண்டும் சேர்த்து ஒரு பக்கம். ஆஸ்பிரின் மட்டும் என்று பார்த்தபோது, ஆபத்து 4.7 சதவிகிதத்திலிருந்து 4.1 ஆகியது. தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய வித்தியாசம். கூட்டு மாத்திரையும் ஆஸ்பிரினும் சேர்ந்தபோது 5.8-லிருந்து 4.1 ஆகியது. இது புறக்கணிக்கக்கூடியதல்ல. ரத்தப்போக்கும் குறிப்பிடும்படி அதிகமாகவில்லை.

ஆகவே, ஐம்பது வயதுக்காரர், ரத்த அழுத்தம் உண்டு, நீரிழிவு உண்டு, வயிற்றுப்புண் வந்ததில்லை என்றால், அவருக்கு ஆஸ்பிரின் வேண்டுமா வேண்டாமா என்பது இன்னும் முற்றிலும் தீராத வழக்கு. அவருடைய டாக்டர் யோசித்து எழுதினால் அதில் தவறு காண முடியாது. ஆனால் மருமகன் எழுதினால் தவறு! அந்த ஆராய்ச்சியில் அதிக வேலை செய்தது ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் குறைத்த மருந்துகள் என்பதையும் மறக்கக் கூடாது. பீடியைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பிரினை வாயில் போடுகிறவருக்கு எந்த நாட்டு ஆராய்ச்சியும் ஆறுதல் சொல்லாது.

கிடைக்காதவர்கள்

இப்போது தெருக்கோடி மனிதரிடம் வருவோம். இந்தக் கதையில் உண்மையில் வயிற்றெரிச்சல் தருவது அவர் நிலைமைதான்.

2017-ல் எடுத்த கணக்கின்படி, அமெரிக்காவில் நாற்பது வயதைத் தாண்டி, இருதய நோய் இல்லாமல், தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர். அவர்களில் 66 லட்சம் பேர் எந்த டாக்டரையும் கேட்காமல் சாப்பிட்டார்கள்.

மறுபக்கம், பல நாடுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்ட ஆராய்ச்சி ஒன்று 2011-ல் வெளியாயிற்று. செல்வ நாடுகளில் நூற்றுக்கு 62 பேர் ஆஸ்பிரினோ அதையொத்த மருந்தோ சாப்பிட்டு வந்தார்கள். இந்தியாவையும் உள்ளடக்கிய ஏழை நாடுகளின் பிரிவில் 9 பேர்கூடத் தேறவில்லை. 2023-ல் வெளியான 51 நாட்டுக் கணக்கும் சற்றேறக்குறைய இதே கதையைத்தான் சொல்லுகிறது. செல்வ நாடுகளில் 65 சதவிகிதம். மிக ஏழை நாடுகளில் 16.6 சதவிகிதம்.

இதற்கு விலை காரணம் என்று சொல்ல முடியாது. ஒரு ரூபாய்க்கும் குறைந்த மருந்து. யாரும் கண்டுபிடிப்பு உரிமை கோர முடியாத மருந்து. ஒருவேளை அதுவேதான் காரணமோ என்னவோ! லாபமில்லாத சரக்கை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல எந்தக் கம்பெனியின் பிரதிநிதியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் வலைக்குழல் வைக்க லட்சக்கணக்கில் செலவாகிறது. அதன் பிறகு ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டிய மாத்திரையைப் பற்றி விளக்க ஐந்து நிமிஷம் கிடைப்பதில்லை. "இதை ஏன் சாப்பிடுகிறீர்கள், எத்தனை நாள் சாப்பிட வேண்டும், யாரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது" என்ற மூன்று வரியைத் தமிழில் எழுதிக் கொடுக்காமல் ஒரு மாரடைப்பு நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது பாதி வைத்தியம்தான்.

2018-க்குப் பிறகு இதில் ஒரு புது அபாயமும் சேர்ந்துகொண்டது. "ஆஸ்பிரினால் பயனில்லை" என்று தலைப்பை மட்டும் படித்துவிட்டு, மருந்து அவசியமானவரும் நிறுத்திவிடுகிறார். ஸ்வீடனில் ஆறு லட்சம் பேருக்கு மேல் கவனித்து 2017-ல் வெளியிட்ட கணக்கில், ஆஸ்பிரினை நிறுத்தியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 37 சதவிகிதம் அதிகமாக வந்தன. இதற்கும் இரண்டாவது எண்ணைச் சொல்லிவிட வேண்டும்: நிறுத்திய 74 பேருக்கு ஆண்டுக்கு ஒருவர் வீதம் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார். ஏற்கனவே இருதய நோய் இருந்தவர்களிடம் விகிதம் இன்னும் மோசம். ஆஸ்பிரினுக்குப் பதில் குளோபிடோகிரல் என்ற மருந்து மேலானதாக இருக்கலாம் என்று கொரியாவில் 5,438 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆராய்ச்சி சொன்னது உண்மை. ஆனால் ஒன்றுக்குப் பதில் ஒன்று என்பது வேறு. ஒன்றுமில்லாமல் விடுவது வேறு.

தமிழ்நாட்டில் 2021-ல் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியபோது, ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போயின. நோயாளி மருந்தைத் தேடிப் போவது போய், மருந்து நோயாளியைத் தேடி வர முடியும் என்று நிரூபித்த ஏற்பாடு அது. மாரடைப்பிலிருந்து மீண்டு வந்த ஒவ்வொருவரின் வாசலிலும், "மாத்திரை நிற்காமல் போகிறதா?" என்று மாதம் ஒருமுறை கேட்கும் வேலையை இத்தகைய ஏற்பாட்டின் தலையாய கடமைகளில் ஒன்றாக வைப்பதே முறை. இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். வெளிநாட்டு யந்திரம் வேண்டாம்.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. சீட்டில்லாமல் "இருதயத்துக்கு ஒரு அட்டை" என்று கேட்பவரிடம், வயிற்றுப்புண் உண்டா, மூட்டுவலிக்கு வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றாவது கேட்கலாம். மூட்டுவலி மாத்திரையும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் வயிற்றுக்கு இரட்டைக் கேடு. டெங்குக் காய்ச்சல் பரவும் மாதங்களில் காய்ச்சலுக்கென்று ஆஸ்பிரின் கொடுப்பதை அடியோடு மறுக்க வேண்டும். அந்த நோயில் தட்டணுக்கள் தாமாகவே குறைந்து ரத்தம் கசியும். குழந்தைகளுக்கும் காய்ச்சலில் ஆஸ்பிரின் கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரெய் நோய் என்ற அபூர்வமான ஆபத்து அதில் இருக்கிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்துப் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். எதற்காக எழுதப்பட்டது என்று அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்டால் போதும். மாரடைப்பு, வலைக்குழல், இருதய அறுவை, அடைப்பால் வந்த பக்கவாதம் இவற்றில் ஒன்று பதிலானால், மறுபேச்சு வேண்டியதில்லை.

நடு மார்பில் பாறாங்கல் வைத்தாற்போல் வலி எழுந்து, வேர்த்துக் கொட்டி, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், முதல் காரியம் 108-ஐக் கூப்பிடுவது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தம் கசியும் புண்ணோ இல்லாதவரானால், டாக்டரோ ஆம்புலன்ஸ்காரரோ சொல்லும்போது 300 மில்லிகிராம் அளவு ஆஸ்பிரினை விழுங்காமல் மென்று சாப்பிட வேண்டும். மென்றால் சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும். வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். அப்போது மட்டும் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரியும்.